எங்கள் முதல் சாம்பியன்

அடியில் இரும்பு முள் வைத்த ஒரு ஜோடி வெள்ளை ஷூ. முனையில் பஞ்சு அடைத்தால்தான் என் காலில் நிற்கும். அதை எனக்குக் கொடுத்தவர் அக்கா; ஊருக்கே அக்கா, கிளப் பெண்களுக்குக் கேப்டன். கொடுத்ததோடு விடாமல், கிளப் வராண்டாவில் அத்தனை பேர் பார்க்க என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே கயிற்றையும் கட்டிவிட்டார். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் மாடி வீடு கட்டியிருந்த கான்ட்ராக்டரின் மனைவி, புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறவரின் மகள் காலைத் தொட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த ஷூ கிழிந்து குப்பைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. பேச்சு மட்டும் கிழியவே இல்லை. இன்றைக்கும் போர்ட் பிளேரில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால், "நம்ம கேப்டன் மேடம் தூக்கிவிட்ட பொண்ணு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் நான் பொண்ணுதான். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருடம் எங்கள் பெண்கள் கோல்ஃப் போட்டிக்கு சிறப்பு மலர் போடுகிறோம் என்று கமிட்டி முடிவு செய்தது. போட்டி நடத்தும் பொறுப்பு என்னுடையது என்பதால் அதன் வரலாற்றை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. செயலாளர் ஒரு நிபந்தனைதான் போட்டார். முதல் பாரா முதல் சாம்பியனைப் பற்றி இருக்க வேண்டும், அவர்தான் சிறப்பு விருந்தினராக வரப்போகிறார். எழுதிக் கொடுத்தேன். நல்ல அச்சில் வந்திருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதும் ஒரு வரிகூட இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

லம்பா லைனில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம், அதற்கும் அந்தப் பக்கம் ஓடுபாதை. விமானம் இறங்கும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். அப்பா டிராக்டரின் பின்னால் புல் வெட்டியை மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், பிறகு ஆடுகிறவர்களின் பை தூக்கப் போனேன், பிறகு உடைந்த மட்டை ஒன்றால் அடிக்கவும் ஆரம்பித்தேன். அக்கா அதை ஒரு நாள் பார்த்துவிட்டார். "அரே, இந்தக் குட்டி அடிக்கிறதப் பாருங்கய்யா, தப்பா புடிச்சு சரியா அடிக்குது" என்று மைதானமே கேட்கும்படி கத்தினார். மதுரைப் பக்கத்துக் குரல். ஹிந்தியும் தமிழும் அந்த வாயில் ஒரே குழம்பாகக் கொதிக்கும்.

அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை. அப்போது பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும்தான் மைதானம். அதுவும் ஆண்கள் யாராவது ஆட வந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அக்கா ஒதுங்கவில்லை. ஒரு பெரிய அதிகாரி வந்து நின்றபோது, "சார், கியூவுல வாங்க" என்றார். பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கிப் பரிசுக்கு ஆள் பிடித்தார். பரிசுப் பணம் உண்டென்றால் அது புரொஃபஷனல் போட்டி என்று அவரே அறிவித்தார். மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். எங்களுக்கு அது போதும். அதற்கு மேல் ஒரு காரியமும் செய்தார். பெங்களூரில் ஒரு பயிற்சிக் கூடத்துக்காரரோடு பேசி, ஜெயிக்கும் பெண்ணுக்கு அங்கே தங்கிப் பழக ஒரு இடம் வாங்கினார். சாப்பாடு, படுக்கை, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. "இது உனக்காகத்தான்டீ வாங்குனேன். வாயத் தொறந்து யார்ட்டயும் சொல்லிராத" என்று என் காதில் சொன்னதும் அவர்தான்.

நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அப்பா ஒன்றுமே பேசாதவர், ஹாடோ ஜெட்டிக்குப் போய்ச் சென்னைக் கப்பல் எப்போதெல்லாம் புறப்படுகிறது என்று விசாரித்து வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடல் குடும்பத்திலிருந்து பிழைக்க இங்கே வந்தவர்கள் நாங்கள். திரும்பிப் போவதென்றால் கல்யாணத்துக்கோ சாவுக்கோதான். ஒரு விளையாட்டுக்காக ஒருத்தி கப்பல் ஏறுவது என்பது எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாதது.

இந்த இடத்தில் எங்கள் மைதானத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது குழியைச் சுற்றிப் புல் கிடையாது. உப்புக் காற்றுக்கு அந்த ஜாதிப் புல் நிற்காது என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பியிருக்கும். படகு எஞ்சின்களில் வடித்த ஆயில் டின் டின்னாக அப்பாவின் டிராக்டரில் வரும். அந்த வட்டத்துக்குப் பிரவுன் என்று பெயர். நடந்தால் தடம் விழும், தடத்தில் உருண்டால் பந்து தன் வழியில் போகாது. ஆகவே ஒவ்வொருவரும் அடிப்பதற்கு முன்னால் குழிக்கும் பந்துக்கும் நடுவே பாதை போட வேண்டும். தேங்காய் நாரில் பின்னிய ஒரு சின்னப் பாய், பாரத்துக்கு அதன் மேல் கட்டிய குழாய்த் துண்டு, இழுக்க ஒரு கயிறு. குழி விளிம்பிலிருந்து பந்து வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தால் மணல் வழவழவென்று படிந்துவிடும். நடுவில் கயிறு ஒரு நொடி தளர்ந்தாலும், பாயின் அடியில் சேர்ந்த மணல் அந்த இடத்தில் விரல் தடிமனுக்கு மேடாக நின்றுவிடும்.

தன் பாதையைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. முன்னால் ஆடி முடித்தவர்தான் அடுத்தவருக்குப் போட்டுத் தர வேண்டும். அவர் இழுக்கும்போது ஆட வேண்டியவர் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். "ஹோ கயா" என்று, அதாவது முடிந்தது என்று, குரல் வந்ததும் திரும்பி நேராகப் பந்திடம் போய் அடிப்பார். குனிந்து பாதையைத் தடவிப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. அப்படிப் பார்த்தால் இழுத்தவரின் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் பாதையைக் குனிந்து பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசி நாள், கடைசிக் குழி. அக்கா, நான், மூன்றாவதாக ஒரு மலையாளி டீச்சர். டீச்சர் முன்பே பின்தங்கிவிட்டார், சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். நான் அக்காவைவிட ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தேன். அக்கா அந்தக் குழியை அழகாக முடித்தார். என் பந்து குழியிலிருந்து ஓர் ஆள் படுக்கும் தூரத்தில் கிடந்தது. தூக்கத்தில்கூட நான் தவறவிடாத தூரம். விழுந்தால் கோப்பை எனக்கு. தவறினால் இரண்டு பேரும் சமம். சமமாக வந்தால் கடைசிக் குழியில் குறைவாக அடித்தவர் ஜெயித்தவர் என்பது அக்கா போட்ட விதி. டீச்சர் கொடிக் கம்பை எடுத்துக்கொண்டு தன் பையிருந்த பக்கம் போய்விட்டார். நான் ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் நார்ப்பாய் மணலில் சர்ரென்று வரும் சத்தம் கேட்டது. ஆரம்பித்த வேகத்திலேயே அது நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மறுபடியும் சர்ரென்று வந்தது. "ஹோ கயா" என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குத் தெரிந்ததை மனசு ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஷூ கட்டிவிட்டவர், என்னைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர், அவர் போட்ட பாதையை நான் குனிந்து பார்ப்பதா? பார்க்கவில்லை. போய் அடித்தேன். பந்து நேராகத்தான் போனது. குழிக்கு ஒரு முழம் இருக்கையில் எதிலோ தட்டினாற்போல இடது பக்கம் சரிந்து, விளிம்பைக் கடந்து போய் நின்றது. நான் அந்த முழ இடத்தைப் பார்த்தேன். மேடு இருந்தது. நான் பார்ப்பதை அக்காவும் பார்த்தார். அடுத்த நிமிடம் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவே அவருடைய ஷூ அந்த மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் உனக்குத்தான் கண்ணு, அடுத்த வருஷம் உனக்குத்தான்" என்றார்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "இழுக்கும்போது நீ பாத்தியா?" என்று கேட்டார். காதால் கேட்டேன் என்றேன். "சத்தத்த சாட்சிக் கூண்டுல ஏத்த முடியுமா?" என்றார். கை கழுவிவிட்டு வந்து, இந்த வேலையும் இந்தக் கூரையும் அக்கா வீட்டுக்காரரின் கான்ட்ராக்டில் வந்தவை என்பதை எனக்கு நினைவுபடுத்தினார். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருப்பேன். மறுநாள் காலையில் வழக்கம்போல டிராக்டர் சத்தம் கேட்டது. அந்தக் கடைசிக் குழியின் பிரவுனைச் சுற்றி அவர் அன்றைக்கு ரொம்ப நேரம் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு இன்றுவரை எரிவது ஒன்று உண்டு. பெங்களூருக்கு அக்கா போகவில்லை. முட்டி வலி, வயசாச்சு, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றார். அப்படியானால் இரண்டாவதாக வந்த பெண்ணை அனுப்பலாமே என்று டீச்சர் அக்காவிடம் கேட்டாராம். இடம் சாம்பியனுக்கு மட்டும்தான் என்று பதில் வந்ததாம். அந்தப் படுக்கையில் யாருமே படுக்கவில்லை. திருடியவன் தின்றிருந்தாலும் பசி என்று விட்டுவிடலாம். இவர் என் சோற்றைத் தட்டிப் பறித்து மண்ணில் கொட்டினார். ஏன் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். போட்டியைப் பெற்று வளர்த்தவர், சாம்பியன்கள் பலகையில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார். என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். பொய். கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நானே ஜெயித்தேன். ஆனால் பெங்களூர்க்காரர்கள் ஒரு வருடத்தோடு கை கழுவிவிட்டார்கள். பிறகு சுனாமியில் கடல் உள்ளே வந்தது. மைதானத்தில் பாதி உப்பேறிக் கிடந்தது, சில வருடங்கள் போட்டியே இல்லை. கான்ட்ராக்டர் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. போகும்போது அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார். நான் இங்கேயே தங்கி, பெண்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்லப் போட்டியைத் திரும்ப எழுப்பினேன். கப்பலில் மெயின்லேண்டிலிருந்து உப்பு தாங்கும் புல் வந்தது. இப்போது கொல்கத்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெண்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். அக்கா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் அனுப்புவார். நான் அதை ஆபீஸ் பியூனிடம் கொடுத்துவிடுவேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு அவசரம் இல்லை. எனக்கு ஆயுசு கொஞ்சம்தான் என்பதால் என்னால் முடிந்ததை நானே செய்துவந்தேன். ஒரு குழிக்கு முதல் சாம்பியனின் பெயரை வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, சாக்கடைத் தண்ணீர் தேங்கும் குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் குழியைச் சிபாரிசு செய்தேன். மேடத்துக்கு அந்தப் பக்கத்துக் காற்று ரொம்பப் பிடிக்கும் என்றேன். ஒருமனதாக நிறைவேறியது. ஒவ்வொரு வருடமும் வெளியூர்ப் பெண்கள் அந்தக் குட்டையில் பந்தைத் தொலைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி எல்லா பாஷையிலும் திட்டுகிறார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பேன். எல்லாப் பிரவுன்களையும் புல்லாக மாற்றியபோது அந்தக் கடைசிக் குழியை மட்டும் பழைய நினைவுக்காக அப்படியே விடச் சொன்னேன். கொலை நடந்த இடத்தை யாரும் உழுதுவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். போட்டி தொடங்கும் காலையில் விருந்தினர் அங்கே ஒரு பந்தைத் தட்டிவிடுவார். அவருக்கு நார்ப்பாய் இழுத்துப் பாதை போடுவது என் வேலை என்று ஆகிவிட்டது.

ஆகவே அக்கா வருகிறார் என்று செயலாளர் சொன்னபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்தே ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பிரவுனுக்குப் போய்ப் பழகினேன். குழிக்கு ஒரு முழத்தில் கயிற்றைத் தளர்த்துவது, சத்தம் கேட்காமல் தளர்த்துவது. அவரிடம் இல்லாத நயம் என்னிடம் வந்துவிட்டது. நான் போட்ட பாதையில் நானே அடித்துப் பார்த்தேன். பந்து ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் சரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பயிற்சியும் செய்ததில்லை.

அக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. என் கன்னத்தைத் தடவி, "நான் ஷூ மாட்டிவிட்ட புள்ள இது" என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் சொன்னார். ஆட வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். டீச்சரும் கைத்தடியோடு வந்து முன்வரிசையில் நின்றிருந்தார். பந்தை ஓர் ஆள் படுக்கும் தூரத்தில் வைத்தேன். அக்காவை ஓடுபாதைப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். அவர் திரும்புவதற்குத் தயங்கினார். வழக்கம்தானே அக்கா என்றேன். திரும்பினார்.

கயிறு என் கையில். குழியிலிருந்து ஒரு முழம் வந்ததும் என் விரல்கள் தாமாகவே தளரப் பார்த்தன. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பந்து சரிந்தால் அக்கா தப்பித்துவிடுவார். என் பாதைதான் கோணல் என்று ஆகிவிடும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுவோம். அந்த உறவு எனக்கு வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நேரான பாதை போட்டதில்லை. "ஹோ கயா" என்றேன்.

அக்கா திரும்பினார். மட்டையை வாங்கிக்கொண்டார். பந்திடம் போகவில்லை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் முட்டியை மடக்கி, குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பாதையின் மேல் வைத்துத் தடவினார். தடவிக்கொண்டே வந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி, சரியாக அந்த இடத்தில் நிறுத்தி, விரலால் மணலை அழுத்திப் பார்த்தார். புதுப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வயதானவர் நிதானமாக ஆடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். டீச்சர் மட்டும் பக்கத்தில் நின்ற என்னிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "அவங்க அங்க என்ன தேடுறாங்க?" என்றார்.

டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். அவர் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா எழுந்து என்னைப் பார்த்தார். "நேராத்தான்டீ இருக்கு" என்றார்.

"மேடு இருக்கும்னு நினைச்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்திடம் போனார். பந்தைத் தட்டினார். நேராக ஓடிக் குழியில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. இரண்டு கையையும் கைத்தடியின் மேல் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தபடி நின்றார். அக்காவும் அதைப் பார்த்தார்.

கடைசி நாள் வரை இருந்து கோப்பையைக் கொடுப்பதாக ஏற்பாடு. உடம்பு முடியவில்லை என்று அன்று மத்தியான விமானத்துக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டார். அவர் ஏறிய விமானம் கிளம்பியபோது நாங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எப்போதும்போல மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றோம். போவதற்கு முன்னால் என்னிடம் ஏதோ சொல்ல வந்ததாகச் செயலாளர் சொன்னார். நான் அப்போது குட்டைப் பக்கம் போயிருந்தேன், வேண்டுமென்றேதான் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பார் என்கிறார் டீச்சர். இருக்கலாம். கேட்காமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். கேட்டிருந்தால் அத்தனை பேர் முன்னால் நான் மன்னித்துத் தொலைக்க வேண்டியிருந்திருக்கும்.